கதையில் பேசுவது யார்? – சிறுகதைக் கூறுகளைக் கற்பித்தல் குறித்துச் சில எண்ணங்கள்



சிறுகதையின் இலக்கியக் கூறுகளை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருளில் நான் அறிஞன் அல்லன். இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே ஆய்வுரையாக அன்றி, வகுப்பறையில் நான் கற்றவற்றையும் தவறியவற்றையும் சொல்லும் உரையாகவே இதனை ஏற்றருள வேண்டுகிறேன். தவறியதிலிருந்தே தொடங்குகிறேன், அதுவே எனக்கு மிகுதியாகக் கற்பித்தது.

நம் நாட்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியத்தை எடுக்கும் மாணவர் பலர் பள்ளி நேரத்தில் அப்பாடத்தைப் படிப்பதில்லை என்பதைப் பெற்றோர் அறிவர். சனிக்கிழமைப் பிற்பகல்களில், ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில், தன்னார்வத்தோடு வரும் ஓர் ஆசிரியரிடம் அவர்கள் பயில்வர். நானும் அத்தகைய வகுப்பொன்றைப் பல்லாண்டுகள் நடத்தினேன். தேர்வுக்குரியவை கவிதை, நாவல், நாடகம் ஆகிய மூன்றுதாம். எனினும், முந்நூறு பக்க நாவலுக்குள் மாணவரை இறக்கிவிடுமுன் பத்துப் பதினைந்து பக்கச் சிறுகதை ஒன்றில் பழக்குவது என் வழக்கம். நீச்சல் கற்பிப்போர் முதலில் இடுப்பளவு நீரில்தானே நிறுத்துவர்!

அவ்வாறு ஓராண்டு நான் எடுத்துக்கொண்ட கதை கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. அழகிரிசாமி நமக்கு அயலார் அல்லர். 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றி, இந்நாட்டு இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசியவர். கதை எளியது. ஏழைக் குடிசையொன்றின் பிள்ளைகளும் செல்வர் வீட்டுப் பையனொருவனும், எங்களிடம் இது இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா என்று போட்டியிட்டுக் கொள்வதில் கதை தொடங்குகிறது. தீபாவளி நெருங்குகிறது. உடலெங்கும் சிரங்கோடு ஆதரவற்ற சிறுவன் ஒருவன் அக்குடிசைக்கு வருகிறான். வீட்டுத்தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, வீட்டிலிருக்கும் துணியை உடுத்தி, பண்டிகையில் பங்கு கொடுக்கிறாள். அச்சிறுவனின் பெயர் ராஜா. செல்வர் வீட்டிலோ 'ராஜா' என்றே வழங்கப்படும் பெருமைக்குரிய உறவினர் வந்திருக்கிறார். அவ்வீட்டுப் பையன், எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேசும்போது, குடிசைச் சிறுமி மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்னும் பொருள்பட விடையிறுக்கிறாள். கதை அங்கே முடிகிறது.

நான் கொடுத்த வினா, மங்கம்மாளின் பாத்திரப்படைப்பை விளக்குக என்பது. இருபத்திரண்டு விடைத்தாள்கள் வந்தன. அவற்றுள் இருபத்தொன்று, மங்கம்மாள் பரிவுமிக்கவள், கள்ளமற்றவள், ஏழ்மையிலும் பகிர்ந்துண்ணும் பண்பினள் என்று, ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுதியிருந்தன. அச்சொற்கள் என் குறிப்பிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. எஞ்சிய ஒரு தாளில் ஒரு மாணவி இவ்வாறு கருத்துரைத்திருந்தாள்: மங்கம்மாள் அந்தச் சொல்லைப் பரிவினால் சொல்லவில்லை, முதற்பக்கத்தில் தொடங்கிய போட்டி இன்னும் முடியவில்லை, அவள் வெல்வதற்காகவே அதைச் சொல்கிறாள், அந்தப் பையனை அவள் தன் வீட்டுச் சொத்தாக எண்ணத் தொடங்கிவிட்டாள்.

பத்துப் புள்ளிக்கு மூன்று கொடுத்தேன். சிவப்பு மையில், "கதையின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை" என்றும் எழுதினேன். அவள் வந்து வாதாடவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவள் இலக்கியப் பாடத்தைத் தொடரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

ஆண்டுகள் கழித்து வேறொரு வகுப்புக்காக அக்கதையை மீண்டும் படித்தபோது எனக்கு வியர்த்தது. அழகிரிசாமி கதையை ஏன் பிள்ளைகளின் போட்டியில் தொடங்கினார்? ஏழ்மையைக் காட்டக் குடிசையிலேயே தொடங்கியிருக்கலாமே! தொடக்கத்தில் வைத்த போட்டிக்கு இறுதியில் விடை கிடைக்கிறது. எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளை, கடைசியில் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இணையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். அதைச் சொல்லத்தக்கதாக ஆக்கியது தாயின் பரிவு. சொன்னவள் நெஞ்சிலோ, பரிவோடு சேர்ந்து குழந்தைக்கே உரிய வெற்றிப் பெருமையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதனால்தான் அவ்விறுதி நம் தொண்டையை அடைக்கிறது. வெறும் பரிவு என்றால் அது நன்னெறிப் பாடநூலின் பக்கமாகியிருக்கும். அம்மாணவி கதைப்பின்னலைப் பார்த்திருந்தாள். நான் பார்த்ததெல்லாம் என் குறிப்பேட்டைத்தான்.

இப்போது அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கரு, துணைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, மொழிநடை, படிப்பினை என்னும் எட்டுத் தலைப்புகளை நாம் அனைவரும் அறிவோம். கடைகளில் விற்கும் கையேடுகளும், பிரத்தியேக வகுப்புகளில் கொடுக்கப்படும் தாள்களும் இத்தலைப்புகளின்கீழ் விடைகளை நிரப்பித் தருகின்றன. தலைப்புகளில் குற்றமில்லை, அவை பயனுள்ள பெயர்களே. ஆனால் கட்டம் போட்டுக் கொடுத்தவுடன், கட்டத்தை நிரப்புவதே படிப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பின்னோக்கு உத்தி கையாளப்பட்டுள்ளது என்று எழுதுகிறது. ஏன் கையாளப்பட்டது, நேராகச் சொல்லியிருந்தால் கதை எதை இழந்திருக்கும் என்று கேட்டால் திகைக்கிறது. உடற்கூற்று வகுப்பில் உறுப்புகளின் பெயரை ஒப்புவித்துவிட்டு, இதயம் எதற்கு என்று தெரியாமல் வெளியே வருவதைப் போன்றது இது. கையேடு எழுதுவோரை நான் குறை கூறவில்லை. நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

என் தவற்றை உணர்ந்தபின், வேறு வழி உண்டா என்று தேடினேன். வெகுதொலைவு செல்லவேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. அவற்றுள் மாத்திரை, அசை, சீர், அடி போன்றவை பாவுக்கே உரியவை. ஆயின் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்று வரும் உறுப்புகளைப் பாருங்கள். பேசுவது யார்? கேட்பது யார்? எங்கே? எப்போது? சொல்லாமல் விடப்பட்டது எது? அகப்பாடலுக்காகச் சொல்லப்பட்ட இவ்வைந்தும் இன்றைய சிறுகதைக்கு இத்துணைப் பொருந்துவது எனக்கு வியப்பளித்தது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அகப்பாடலும் சிறுகதையும் ஒரு சிறு தருணத்தை எடுத்துக்கொண்டு, மிகுதியைக் கேட்பவர் மனத்தில் முடிக்க விடுபவை. ஆகவே ஒன்றுக்கான கேள்விகள் மற்றொன்றுக்கும் உதவுகின்றன. இவை தலைப்புகளாக இல்லாமல் வினாக்களாக இருப்பதே இவற்றின் நன்மை. வினாவை நிரப்ப முடியாது. அதற்கு விடை தேடத்தான் முடியும்.

இதனை நான் முதன்முதலாக வைத்துப் பார்த்தது வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையில். 1915ஆம் ஆண்டு 'விவேகபோதினி' இதழில் வெளிவந்தது. தமிழின் முதற் சிறுகதை அதுதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதை மாணவர் தலையில் ஏற்றவேண்டாம் என்பது என் கருத்து. அக்கதையை ஓர் அரசமரம் சொல்கிறது. ருக்மிணி என்னும் இளம்பெண்ணின் தந்தை பொருளை இழக்கிறார். மாமியார் வீடு அவளை வெறுத்து, அவள் கணவன் நாகராஜனுக்கு வேறிடத்தில் மணம் பேசுகிறது. நாகராஜனுக்கு உள்ளூர அம்மணத்தில் விருப்பமில்லை. இறுதிவரை இசைவதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துவிட எண்ணுகிறான். இதனைக் குளக்கரையில் தன் நண்பனிடம் சொல்கிறான், ருக்மிணியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிர் துறக்கிறாள்.

இக்கதையின் உத்தி யாது என்று கேட்டால், அஃறிணைப் பொருள் கதை சொல்லும் உத்தி என்று மாணவர் உடனே சொல்வர். முழுப்புள்ளியும் பெறுவர். நான் அவ்விடத்தில் நிறுத்தாமல் கூற்று என்னும் வினாவை எழுப்பினேன். ஏன் ஒரு மரம்? மரத்துக்குப் பதில் ருக்மிணியின் தோழி சொல்லியிருந்தால் என்ன? வகுப்பில் சற்று நேரம் அமைதி. பின்பு, எப்போதும் கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன், "சார், தோழியா இருந்தா ஓடிப்போய்ச் சொல்லியிருப்பா" என்றான்.

அவ்வளவுதான், கதை திறந்துகொண்டது. நாகராஜனின் உண்மை எண்ணம் மரத்துக்குத் தெரியும். அது அவன் பேசியதைக் கேட்டது. ருக்மிணி சாகத் துணிந்து வந்து நின்றதும் அதன் காலடியில்தான். அந்த ஒரு செய்தியை அவள் செவியில் போட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். எல்லாம் அறிந்த ஒன்று, பேச இயலாத ஒன்று, அதுவே நமக்குக் கதை சொல்கிறது. அப்படியானால் மரத்தைப் பேசவைத்தது வெறும் அழகுக்காக அன்று. மரத்தின் ஊமைத்தன்மையே கதையின் துயரம். பேசக்கூடியவனாகிய நாகராஜனோ வாய் திறக்கவில்லை. இரண்டு மௌனங்களுக்கு நடுவே ஒரு பெண் இறக்கிறாள். ஐயர் இதையெல்லாம் எண்ணித்தான் எழுதினாரா என்று ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. கதையில் அது இருக்கிறது என்பதை மட்டும் காட்ட முடியும். மாணவனுக்கு அது போதும்.

கேட்போர் யார் என்ற வினாவும் இக்கதைக்குப் பொருந்துகிறது. மரம் இளையோரைப் பார்த்துத்தான் பேசுகிறது. இறுதியில், விளையாட்டாகக்கூடப் பெண்கள் மனத்தை நோகச் செய்யாதீர்கள் என்னும் அறிவுரையையும் வெளிப்படையாகத் தருகிறது. மாணவர் இவ்வறிவுரையைப் படிப்பினை என்னும் கட்டத்தில் எழுதிவிட்டு எழுந்துவிடுவர். கதைக்குள்ளிருக்கும் அறிவுரையும் கதை காட்டும் உண்மையும் ஒன்றா என்று நான் கேட்பேன். நாகராஜன் செய்தது வெறும் விளையாட்டா? அவன் தன் பெற்றோரை எதிர்த்து முன்கூட்டியே ஒரு சொல் சொல்ல அஞ்சினானா? மரம் அவனை மன்னிக்கும் அளவுக்கு நாமும் மன்னிக்கவேண்டுமா? இங்கே மாணவிகள் மிகச் சினத்தோடு பேசியதுண்டு. அச்சினம் தமிழில் வெளிப்பட்டது என்பதையும் குறித்துக்கொண்டேன். வீட்டில் பாதி மலாயும் பாதி ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளைகள், ஒரு கதைப்பாத்திரத்தின்மீது கொண்ட கோபத்தைச் சொல்வதற்குச் சொல் தேடித் தடுமாறி, ஒருவருக்கொருவர் சொல் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். அன்று நான் இலக்கணம் திருத்தவில்லை.

களனும் காலமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலப் பின்னணி, இடப் பின்னணி, சமுதாயப் பின்னணி என்று மூன்று வரி எழுதுவதோடு இது முடிந்துவிடுகிறது. ருக்மிணியின் தந்தை பொருளை இழந்தது எவ்வாறு? சென்னையில் அர்பத்நாட் என்னும் வெள்ளையர் வணிக நிறுவனம் 1906இல் முறிந்தது. அதை நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் பல தெருவுக்கு வந்தன. அவ்வுண்மை நிகழ்ச்சி கதைக்குள் வருகிறது. இதனை விளக்கியபோது, முதலீட்டுத் திட்டம் ஒன்றில் தன் சிற்றப்பா பணத்தை இழந்ததையும், அதன்பின் உறவினர் வருகை குறைந்ததையும் ஒரு மாணவன் சொன்னான். நூறாண்டுக்கு முந்திய தஞ்சைப் பக்கத்து வீடு, தாமான் வீடாக மாறிவிட்டது. குளம் என்றால் என்ன என்று தெரியாத பேராக் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஈயக்குட்டை தெரியும். அதன் கரையில் நின்று பார்க்கும் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஈயக்குட்டை கோயிற்குளம் ஆகாதுதான். ஆழம் மட்டும் புரிந்தது.

செய்முறை பற்றி ஆசிரியர்கள் கேட்பீர்கள். நான் செய்வது இது. முதல் நாள் கலைச்சொல் எதுவும் இல்லை. கதையை நானே உரக்கப் படிப்பேன். ஒலிப்பதிவு வேண்டாம், ஆசிரியரின் குரல் ஓரிடத்தில் தடுமாறுவதைப் பிள்ளைகள் கேட்கவேண்டும். படித்து முடித்ததும், உனக்கு எந்த இடம் பிடிக்கவில்லை என்று கேட்பேன். எது பிடித்தது என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை என்று கேட்டால் உண்மை வரும். இரண்டாம் நாள், ஒன்றை மாற்றிப் பார்ப்போம். ராஜா என்னும் பெயரைக் கந்தன் என்று மாற்று. கதை என்ன ஆகிறது? அரசமரக் கதையை நாகராஜன் வாயிலாக ஒரு பத்தி எழுது. எழுதியவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: நாகராஜன் சொன்னால், முதல் வரியிலேயே அவன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத் தொடங்கிவிடுகிறான். நோக்குநிலை என்றால் என்ன என்பதை அதன்பின் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த பொருளுக்குப் பெயர் கிடைத்தது. அப்பெயரை அவர்கள் மறப்பதில்லை.

இதற்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கதைக்கு நான்கு வகுப்புகள் ஆகின்றன, பாடத்திட்டம் காத்திருப்பதில்லை. ஆகவே எல்லாக் கதைகளையும் இவ்வாறு நடத்த இயலாது. ஆண்டுக்கு இரண்டு கதைகளை இவ்வாறு படித்தால் மற்றவற்றை மாணவர் தாமே படித்துக்கொள்வர் என்பது என் பட்டறிவு. தேர்வில் புள்ளி குறையுமோ என்று பெற்றோர் அஞ்சுவதும் உண்டு. கட்டத்தை நிரப்பும் விடை தேர்ச்சி பெறும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய பகுதியொன்றைக் கொடுத்து விளக்கச் சொன்னால் அது கைவிட்டுவிடும்.

விடைத்தாள் திருத்தும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவன் சொல்லும் கருத்து நம் குறிப்பில் இல்லாதபோது, அது சரியா என்று பார்க்குமுன், அதற்கு அவன் கதையிலிருந்து என்ன சான்று காட்டுகிறான் என்று பாருங்கள். சான்று இருந்தால் புள்ளி கொடுங்கள். அழகாக எழுதப்பட்டிருந்தும் சான்று இல்லையென்றால், அது நம் கருத்தாகவே இருந்தாலும் குறையுங்கள். இரண்டாவதுதான் கடினம். நம் சொல்லை நமக்கே திருப்பிக் கொடுக்கும் பிள்ளையின்மீது நமக்கு ஓர் இரக்கம் உண்டு.

இந்நாட்டில் கதையைக் கூறுபோட்டுப் பார்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் தோன்றியது அன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1950-51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' இதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். அதில் பயின்றவர்கள் தேர்வுக்காகப் பயிலவில்லை. கதை எழுதவேண்டும் என்னும் ஆசையினால் பயின்றார்கள். இந்நாட்டுச் சிறுகதையாசிரியர் பலர் அதன்வழி உருவானார்கள். கரு, பின்னல், பாத்திரம் என்னும் சொற்கள் அன்று கதை செய்வோரின் கருவிகளாக இருந்தன. தச்சனின் கையிலிருக்கும் உளி அது. நாம் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டோம். மாணவரை ஒரு பத்தியேனும் எழுதவைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எச்சத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதாக எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் வகுப்புக்கு விருந்தாசிரியனாகச் சென்று, மீண்டும் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்தேன். இம்முறை வினாக் கொடுக்கவில்லை. கதை எதைச் சொல்லாமல் விட்டது என்று மட்டும் கேட்டேன். அந்த ராஜா பண்டிகைக்குப் பின் எங்கே போவான் என்று ஒரு பெண் கேட்டாள். இன்னொருவன், மங்கம்மாள் சொன்னதைக் கேட்டபின் அந்தப் பணக்காரப் பையன் குடிசைக்கு வந்து பார்த்திருப்பானா என்று கேட்டான். வந்திருப்பான் என்றனர் சிலர். வரமாட்டான், அவனுக்குத் தோற்க மனமிருக்காது என்றாள் ஒருத்தி. அப்படியென்றால் அவள் வெல்வதற்காகச் சொன்னாளா என்று நான் கேட்டேன். "பின்ன என்ன சார்?" என்றாள் அவள், இது தெரியாதா என்பது போல.

பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்காக மடிக்கப்பட்ட ஒரு விடைத்தாள் என் நினைவுக்கு வந்தது. காரணத்தைக் கதையிலிருந்து காட்டி எழுதிக்கொடு என்று அவளிடம் தாளை நீட்டினேன். முதற்பக்கத்தைத் திருப்பி, அந்தப் போட்டி நடக்கும் இடத்தின்கீழ் அவள் கோடிடத் தொடங்கினாள்.